ஒரு மெழுகுவர்த்தியும் ஏழு நூல்களும்

நவம்பர் 2-ஆம் தேதி நெருங்கிக்கொண்டிருக்கிறது. கத்தோலிக்கர்களுக்கு அது கல்லறைத் திருநாள். செராஸ் கிறிஸ்துவ மயானத்திலும் கிள்ளான் வட்டாரத்துக் கல்லறைகளிலும் அந்தச் சமயத்தில் கூட்டம் கூடும். புல்லைப் பிடுங்கி, கல்லைக் கழுவி, மாலை சாத்தி, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். பாதிரியார் வந்து ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளிப்பார்.

சில குடும்பங்களில் மனத்தாங்கல் தொடங்குவதும் இதே சமயத்தில்தான். தோட்டத்தில் இருந்த காலத்தில் எல்லாரும் மாதா கோயிலுக்குப் போனவர்கள். பட்டணத்துக்கு வந்த பிறகு ஒரு பிள்ளை கல்யாணத்தின் வழியாக மெதடிஸ்ட் சபைக்குப் போனார். இன்னொரு பிள்ளை நண்பர்கள் அழைத்து பெந்தெகொஸ்தே சபை ஒன்றில் சேர்ந்தார். பாட்டியின் கல்லறை முன் அம்மா மெழுகுவர்த்தியை நீட்டுகிறார். மகன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

"செத்தவங்களுக்காக ஜெபம் பண்ண வேதத்துல இடமே இல்லம்மா."

"ஏன் இல்ல? எங்க வேதத்துல இருக்குதே!"

இப்படி ஒரு பேச்சு நடக்காத கலப்புக் குடும்பம் குறைவு. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், இருவரும் சொல்வது உண்மை. அம்மாவின் வேதத்தில் அது இருக்கிறது. மகனின் வேதத்தில் அது இல்லை. இரண்டு பேர் வைத்திருக்கும் புத்தகமும் ஒன்றல்ல.

கிறிஸ்துவர் அல்லாத வாசகர்கள் பலருக்கு இது புதுச் செய்தியாக இருக்கலாம். கிறிஸ்துவர்களிலேயே பலர் இதைச் சரியாகக் கேள்விப்பட்டதில்லை. ஆகவே இந்த வாரம் இதை விளக்கமாகப் பார்ப்போம்.

66-ம் 73-ம்

புரோட்டஸ்டன்ட் சபைகளின் வேதாகமத்தில் 66 நூல்கள். கத்தோலிக்க விவிலியத்தில் 73 நூல்கள். புதிய ஏற்பாடு இருவருக்கும் ஒன்றே. அதில் 27 நூல்கள். வித்தியாசம் முழுவதும் பழைய ஏற்பாட்டில் இருக்கிறது. தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் முதல் நூல், இரண்டாம் நூல் ஆகிய ஏழும் கத்தோலிக்கர்களிடம் மட்டும் உண்டு. எஸ்தர், தானியேல் நூல்களிலும் அவர்களுக்குச் சில பகுதிகள் கூடுதல்.

கல்லறைத் தகராறுக்குக் காரணமான பகுதி மக்கபேயர் இரண்டாம் நூல், 12-ஆம் அதிகாரம். யூதா மக்கபே என்ற போர்த்தலைவனின் வீரர்கள் சிலர் சண்டையில் இறந்துபோகிறார்கள். உடலை எடுக்கும்போது பார்த்தால், உடைக்குள் வேற்றுத் தெய்வங்களின் தாயத்துகள். யூதச் சட்டப்படி அது பாவம். யூதா மக்கபே ஆட்களிடம் பணம் வசூலித்து, அவர்களுக்காகப் பாவப் பரிகாரப் பலி செலுத்த எருசலேமுக்கு அனுப்புகிறான். இறந்தோர் உயிர்த்தெழுவர் என்று நம்பியதால் அவன் செய்தது நல்ல காரியம் என்று அந்த நூல் பாராட்டுகிறது. இறந்தவர்களுக்காக ஜெபிக்கும் கத்தோலிக்க வழக்கத்துக்கு வேதச் சான்றாக முதலில் காட்டப்படும் இடம் இதுதான்.

"உங்கள் ஆட்கள் ஏழு நூலைத் தூக்கி எறிந்துவிட்டார்கள்" என்று கத்தோலிக்கர் சொல்வதுண்டு. "உங்கள் ஆட்கள் ஏழு நூலைப் பிற்காலத்தில் நுழைத்துவிட்டார்கள்" என்று புரோட்டஸ்டன்ட் பக்கம் பதில் வரும். சரித்திரத்தைப் பார்த்தால் இரண்டு குற்றச்சாட்டும் நிற்காது.

இந்த நூல்கள் கிரேக்க மொழிப் பழைய ஏற்பாட்டின் வழியாகப் பழங்கால கிறிஸ்துவர்களிடம் வந்தவை. யூதர்களின் எபிரேயத் தொகுப்பில் இவை இடம்பெறவில்லை. லத்தீனில் வேதத்தை மொழிபெயர்த்த புனித ஜெரோம் எபிரேயப் பட்டியலே சரி என்றார். அவர் காலத்தவரான புனித அகுஸ்தீன் பெரிய பட்டியலை ஏற்றார். 397-ஆம் ஆண்டு கார்த்தேஜ் சங்கம் வெளியிட்ட பட்டியலில் இந்த நூல்கள் உண்டு. ஆக, லூத்தர் பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதில் இரண்டு கருத்து இருந்தது.

1519-இல் லைப்சிக் நகரில் நடந்த வாதத்தில் எதிராளி மக்கபேயர் நூலைச் சான்று காட்டியபோது, அது கட்டுப்படுத்தும் வேதம் அல்ல என்று லூத்தர் மறுத்தார். ஆனாலும் 1534-இல் அவர் வெளியிட்ட ஜெர்மன் வேதாகமத்தில் இந்த நூல்களை வைத்திருந்தார். படிக்க நல்லவை, ஆனால் வேதத்துக்குச் சமம் அல்ல என்று குறிப்பு எழுதி, இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவில் தனிப் பகுதியாக அச்சிட்டார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் கொள்கை விதிகளும் ஏறக்குறைய அதையே சொல்கின்றன: வாழ்க்கைக்கு முன்மாதிரியாக வாசிக்கலாம், கோட்பாட்டுக்கு ஆதாரமாகக் கொள்ளக்கூடாது.

தமிழிலும் அப்படித்தான். தரங்கம்பாடி லுத்தரன் மிஷனரியான பெஞ்சமின் சுல்ட்சே பழைய ஏற்பாட்டைத் தமிழில் முடித்தபோது இந்த நூல்களையும் சேர்த்து மொழிபெயர்த்தார். 1728-இல் அவை தரங்கம்பாடி அச்சகத்தில் அச்சாயின. இன்று "எங்கள் வேதத்தில் இல்லை" என்று சொல்லும் தமிழ் புரோட்டஸ்டன்ட்களின் முன்னோர்தான் அவற்றை அச்சிட்டார்கள். 1826-இல் பிரிட்டிஷ் வேதாகமச் சங்கம் இந்த நூல்களுக்குப் பணம் செலவிடுவதில்லை என்று முடிவெடுத்த பிறகுதான் சங்கத்தின் பதிப்புகளில் அவை அடியோடு இல்லாமல் போயின.

மறுபக்கம், திரெந்து பொதுச்சங்கம் 1546 ஏப்ரல் 8-ஆம் தேதி 73 நூல்களின் பட்டியலைக் கட்டாயமான கோட்பாடாக அறிவித்தது. வேதத்தோடு திருத்தூதர் வழிவந்த மரபையும் சம மரியாதையுடன் ஏற்க வேண்டும் என்றும் அதே அமர்வில் தீர்மானித்தது.

யார் சொல்வது கடைசி வார்த்தை?

இங்கேதான் அடிப்படைக் கேள்வி வருகிறது. எந்த நூல் வேதம் என்று வேதமே பட்டியல் போட்டுக் கொடுக்கவில்லை. அப்படியானால் முடிவு செய்தது யார்?

கத்தோலிக்கரின் பதில்: திருச்சபை. வேதம் திருச்சபையின் மடியில் பிறந்து வளர்ந்தது. ஆகவே அதற்குப் பொருள் சொல்லும் பொறுப்பும் திருத்தூதர்களின் வாரிசுகளான ஆயர்களுக்கும், ரோமில் உள்ள போப்பாண்டவருக்கும் உண்டு.

புரோட்டஸ்டன்ட் பதில்: சபை வேதத்தை உண்டாக்கவில்லை, அடையாளம் கண்டுகொண்டது, அவ்வளவுதான். பொற்கொல்லர் உரைத்துப் பார்த்துத் தங்கம் என்று சொல்கிறார் என்பதற்காக, தங்கத்தை அவர் செய்தார் என்று ஆகாது. போப்பும் சங்கங்களும் தவறியிருக்கிறார்கள், வேதம் தவறாது. 1521-இல் வோர்ம்ஸ் நகரில் பேரரசரின் முன் நின்று லூத்தர் சொன்னதன் சாரம் இதுதான்.

சைவ வாசகர்களுக்கு இந்தக் கேள்வி அந்நியமாக இருக்காது. நம் திருமுறைகளை நம்பியாண்டார் நம்பி தொகுத்தார் என்கிறோம். அவர் தொகுத்ததால் அவை திருமுறை ஆனதா, திருமுறையாக இருந்ததால் அவர் தொகுத்தாரா? கத்தோலிக்கரும் புரோட்டஸ்டன்ட்களும் ஐந்நூறு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருப்பது இந்த வகைக் கேள்விதான்.

தமிழ் மண்ணில் நடந்த வாதம்

இந்த விவாதம் வெள்ளைக்காரன் நாட்டோடு முடியவில்லை. தமிழில் முதலில் அச்சேறியவற்றைப் பாருங்கள். 1578-இல் கொல்லத்தில் ஏசு சபைப் பாதிரியார் என்றிக்கே என்றீக்கசு அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' ஒரு மறைக்கல்வி நூல். 1586-இல் அவர் வெளியிட்ட 'அடியார் வரலாறு' புனிதர்களின் சரித்திரம். திருச்சபை சொல்லிக்கொடுப்பதை மக்கள் மனப்பாடம் செய்ய வேண்டும், புனிதர்களைப் பார்த்து நடக்க வேண்டும் என்பது அந்த வழி.

1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்க உட்கார்ந்தார். 1714-15-இல் அது அச்சானது. அவரும் லூத்தரின் ஞானோபதேச நூலைத் தமிழில் தந்தவர்தான். ஆனால் வேதம் ஜனங்களின் கையில் இருக்க வேண்டும் என்பதே அவருடைய முதல் அக்கறை.

வீரமாமுனிவருக்கு இது பிடிக்கவில்லை. 'தேம்பாவணி' பாடிய அதே பெஸ்கி பாதிரியார் 1728-இல் 'வேத விளக்கம்' எழுதினார். லுத்தரன்களின் தமிழ் நடையைக் குறை சொன்னார். வேதத்தை ஆளுக்கு ஆள் தனியாகப் படித்துப் பொருள் சொல்லக் கிளம்பினால் என்ன ஆகும் என்று கேட்டார். தரங்கம்பாடியிலிருந்து மறுப்பு வந்தது. அவர் 'பேதகம் மறுத்தல்' எழுதினார். காரசாரமான சண்டை. ஆனால் அந்தச் சண்டையால் தமிழ் உரைநடைக்கு லாபம். சாதாரண மக்களுக்குப் புரியும்படி வாதம் செய்ய இரு தரப்பும் எளிய உரைநடையைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த இரண்டு வழியும் கப்பலேறி மலாயாவுக்கும் வந்தன. நம் பெயர்களிலேயே அதைக் காணலாம். இராயப்பன் என்றால் பேதுரு, சின்னப்பன் என்றால் பவுல், அருளப்பன் என்றால் யோவான். பழைய கத்தோலிக்கத் தமிழின் பெயர்கள் இவை. புரோட்டஸ்டன்ட் வீட்டில் அதே பேதுரு பீட்டர் ஆவார், யோவான் ஜான் ஆவார். கத்தோலிக்கருக்குப் பாதிரியார், திருப்பலி, திருமுழுக்கு. மற்றவருக்குப் போதகர், ஆராதனை, ஞானஸ்நானம்.

பிரிக்பீல்ட்ஸில் மூன்று வழி

இன்று பிரிக்பீல்ட்ஸில் ஒரு நடை நடந்தால் இந்தச் சரித்திரம் முழுவதும் கண்ணில் படும். பாத்திமா அன்னை ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கர் திரளும் இடம். 1924-இல் எழுந்த சீயோன் லுத்தரன் தேவாலயம் தரங்கம்பாடி மரபில் வந்தது. தமிழ் மெதடிஸ்ட் தேவாலயமும் அருகில் உண்டு. மூன்றிலும் ஞாயிறன்று தமிழில் வேதம் வாசிக்கப்படுகிறது. அதிகாரம் நடக்கும் விதம்தான் வேறு.

கோலாலம்பூர் பேராயரை ரோம் நியமிக்கிறது. இப்போதைய பேராயர் ஜூலியன் லியாவ் 2014-இல் போப் பிரான்சிஸ் நியமித்தவர். மெதடிஸ்ட் பிஷப்பை அவர்களுடைய பொது மாநாடு வாக்களித்து, நான்காண்டு தவணைக்குத் தேர்ந்தெடுக்கிறது. லுத்தரன் சபைக்கும் பிஷப் உண்டு. ஆனால் அவர் சொல்வதாலேயே ஒன்று கோட்பாடு ஆகாது. வேதமும் அவர்களுடைய விசுவாச அறிக்கைகளும்தான் அளவுகோல். சுயேச்சைச் சபைகளில் பெரும்பாலும் அந்தச் சபையின் பாஸ்டரும் மூப்பர்களும் முடிவெடுக்கிறார்கள்.

இரண்டு முறைக்கும் பலமும் உண்டு, பலவீனமும் உண்டு. நம் அண்டைவீட்டுச் சீனக் கிறிஸ்துவர்களைப் பார்த்தால் புரியும். முன்னோர் வணக்கச் சடங்குகளில் கத்தோலிக்கர் கலந்துகொள்ளக்கூடாது என்று 1742-இல் போப் தீர்ப்பளித்தார். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் அந்தத் தடை எத்தனையோ குடும்பங்களைப் பிரித்தது. 1939-இல் ரோம் அதைத் தளர்த்தியது. மேலிருந்து வந்த ஒரு தவறு உலகம் முழுவதையும் கட்டியது. மேலிருந்து வந்த ஒரு திருத்தம் உலகம் முழுவதையும் அவிழ்த்தது. புரோட்டஸ்டன்ட் சீனர்களுக்கு அப்படி ஒரே தடையும் இல்லை, ஒரே விடுதலையும் இல்லை. ஊதுபத்தி பிடிக்கலாமா கூடாதா என்று இன்றும் ஒவ்வொரு சபையும், ஒவ்வொரு மனசாட்சியும் தனியாகத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

"எங்களுக்குச் சபை மரபு எதுவும் கிடையாது, வேதம் மட்டும்தான்" என்று சொல்பவர்களும் ஒன்றை யோசிக்கலாம். தமிழ் புரோட்டஸ்டன்ட்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது 1871-இல் வந்த பழைய மொழிபெயர்ப்பு. லுத்தரன்கள் நெடுங்காலம் அதற்கும் முந்திய பப்ரிசியுஸ் மொழிபெயர்ப்பை விடவில்லை. எளிய தமிழில் எத்தனை புதுப் பதிப்பு வந்தாலும் 'கர்த்தர்' என்று கேட்டால்தான் அவர்களுக்கு வேதம் கேட்ட மாதிரி இருக்கிறது. அதுவும் ஒரு மரபுதான். அதில் தவறில்லை, ஆனால் மரபு இல்லை என்று சொல்ல முடியாது.

"எங்களுக்குத் திருச்சபை போதும், வேதம் படிப்பது சாமியார் வேலை" என்று இருந்துவிடும் கத்தோலிக்கருக்கும் ஒரு பதில் உண்டு. 1965 நவம்பர் 18-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட இறை வெளிப்பாடு பற்றிய ஏடு, திருச்சபையின் போதனை அதிகாரம் இறைவார்த்தைக்கு மேலானது அல்ல, அதற்குப் பணி செய்வது என்று சொல்கிறது. விசுவாசிகள் எல்லாருக்கும் வேதம் தாராளமாகக் கிடைக்க வேண்டும் என்றும் அது கட்டளையிட்டது. பிரிந்த சகோதரர்களோடு சேர்ந்து மொழிபெயர்க்கலாம் என்றும் அனுமதித்தது.

அந்த அனுமதியின் தமிழ்ப் பலன்தான் 1995-இல் வெளிவந்த 'திருவிவிலியம்' பொது மொழிபெயர்ப்பு. இரு தரப்பு அறிஞர்களும் சேர்ந்து உழைத்த நூல். தகராறான நூல்களை ஒளிக்கவும் இல்லை, கலந்துவிடவும் இல்லை. 'இணைத் திருமுறை' என்று பெயரிட்டு இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவில் வைத்தார்கள். கத்தோலிக்கத் திருப்பலியில் அந்த மொழிபெயர்ப்பு நிலைபெற்றது. புரோட்டஸ்டன்ட் ஆராதனையில் பழைய வேதாகமமே தொடர்கிறது. பொது என்று பெயர் வைத்ததும் எல்லாரும் பொதுவாக ஏற்றுக்கொள்வதில்லை. ஆனாலும் ஒரே மேசையில் உட்கார்ந்தது சின்ன காரியம் இல்லை.

இறைவன் மனிதனை எப்படி நீதிமானாக்குகிறார் என்ற பெரிய சண்டையிலும் 1999 அக்டோபர் 31-இல் கத்தோலிக்கரும் லுத்தரன்களும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். 2006-இல் மெதடிஸ்ட்களும் அதில் சேர்ந்தார்கள். பிரிக்பீல்ட்ஸின் அந்த மூன்று ஆலயங்களும் சேர்ந்திருக்கும் உலகத் திருச்சபைகள்தான் இவை. நம் நாட்டில் 1985 முதல் மலேசியக் கிறிஸ்துவ சம்மேளனத்தில் கத்தோலிக்கர், பழைய புரோட்டஸ்டன்ட் சபைகள், சுவிசேஷ சபைகள் மூவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள்.

கல்லறையில் உண்மையில் எது தடை?

அதற்காக எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. கடைசி வார்த்தை யாருடையது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. கல்யாணத்திலும் அது தலைகாட்டும்: கத்தோலிக்கர் புரோட்டஸ்டன்டை மணக்க முறையான அனுமதி வேண்டும், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தம்மால் ஆனதைச் செய்வதாக வாக்குக் கொடுக்க வேண்டும். மற்றவர் மனதில் இது உறுத்துவது இயல்பு.

ஆனால் கல்லறையைப் பொறுத்தவரை, இரு தரப்பும் தங்கள் தங்கள் அதிகாரம் உண்மையில் என்ன சொல்கிறது என்று பார்த்தால், சத்தம் பாதி குறையும்.

லுத்தரன் விசுவாச அறிக்கைக்கு விளக்கமாக மெலாங்டன் 1531-இல் எழுதிய நூல் அந்தச் சபையின் அதிகாரபூர்வ ஏடுகளில் ஒன்று. இறந்தவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தால் அவர்களுக்குப் பலன் சேரும் என்பதை அது மறுக்கிறது. அதே நூல், இறந்தவர்களுக்காக ஜெபிப்பதை நாங்கள் தடை செய்யவில்லை என்றும் தெளிவாகச் சொல்கிறது.

கத்தோலிக்கப் பக்கம், உத்தரிக்கும் தலம் உண்டு, அங்குள்ள ஆன்மாக்களுக்கு நம் ஜெபம் உதவும் என்று திரெந்து சங்கம் 1563-இல் அறிவித்தது. அதே தீர்மானத்தில், மூடநம்பிக்கையையும் பணம் பறிப்பதையும் ஆயர்கள் தடுக்க வேண்டும் என்றும் எச்சரித்தது. எத்தனை மெழுகுவர்த்தி, எந்த மாலை, என்ன படையல் என்பதெல்லாம் கோட்பாடு அல்ல. அவை நாம் ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கங்கள். மகன் மெழுகுவர்த்தியைத் தொடவில்லை என்பதால் பாட்டியின் ஆன்மாவுக்குக் கேடு என்று எந்தச் சங்கமும் சொல்லவில்லை.

பெந்தெகொஸ்தே சபைக்குப் போன பிள்ளை அந்த லுத்தரன் ஏட்டுக்குக் கட்டுப்பட்டவர் அல்ல. இறந்தவர்களுக்காக ஜெபிக்க மாட்டேன் என்பது அவருடைய மனசாட்சி. அதைக் கல்லறை முன் வைத்துச் சோதிக்க வேண்டியதில்லை. அவர் பாட்டியின் வாழ்க்கைக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லலாம், பூ வைக்கலாம், புல் பிடுங்கலாம். இதில் எதற்கும் 73 நூல் தேவையில்லை, 66 போதும். அம்மா தம் ஜெபத்தைத் தம் வழியில் சொல்லட்டும். அவர் செய்வதை விக்கிரக ஆராதனை என்று பிள்ளை சொல்லாமல் இருந்தால், அவரும் பிள்ளையைக் குலத்துரோகி என்று நினைக்க மாட்டார்.

இந்தப் பேச்சை மயானத்தில் தொடங்காதீர்கள், வீட்டில் முன்கூட்டியே பேசுங்கள். பேசும்போது இரண்டு வேதத்தையும் மேசையில் வைத்து, மக்கபேயர் 12-ஆம் அதிகாரத்தைச் சேர்ந்து வாசியுங்கள். ஒருவருக்கு அது இறைவார்த்தை, மற்றவருக்கு அது பழைய யூத சரித்திரம். எப்படி வாசித்தாலும், போரில் செத்துப்போன தன் ஆட்களை, அவர்கள் தப்பு செய்தவர்கள் என்று தெரிந்த பிறகும், கைவிட மனமில்லாத ஒரு தலைவனை அங்கே இருவரும் பார்ப்பீர்கள்.